வீட்டுக்குள் செடி வளர்க்க எந்த விளக்கு வாங்குவது, அதன் சூட்டை எப்படி வெளியேற்றுவது?

நிழல்மாடி

நண்பர்களுக்கு வணக்கம். சென்னை வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். பால்கனிக்கு நேர் எதிரே அடுத்த அடுக்ககத்தின் சுவர் எழும்பிவிட்டதால், பகல் பத்து மணிக்குக்கூட அங்கே செய்தித்தாள் படிக்க விளக்குப் போட வேண்டியிருக்கிறது. தொட்டிகளில் இருந்த துளசியும் புதினாவும் வெளிறி நீண்டு சாய்ந்துவிட்டன. அதனால் உள்ளறையில் நான்கு தட்டுகள் கொண்ட ஓர் இரும்பு ரேக்கை நிறுத்தி, கீழிரண்டு தட்டுகளில் மட்டும் விளக்கொளியில் கொத்தமல்லி, புதினா, லெட்டூஸ் ஆகியவற்றை வளர்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தட்டும் 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்டது.

கடையில் இரண்டு விளக்குகளைக் காட்டினார்கள். ஒன்று, 1000 வாட் என்று அட்டையில் அச்சிட்ட, ஊதா நிறத்தில் ஒளிரும், முதுகில் இரண்டு சிறு மின்விசிறிகள் வைத்த பெட்டி. மற்றொன்று, 100 வாட் என்று மட்டும் எழுதிய, மின்விசிறியே இல்லாத, வெள்ளை ஒளி தரும் அலுமினியத் தகடு. விலையோ முதலாவதைப் போல் மும்மடங்கு. அந்த அறையில் ஏசி கிடையாது. சித்திரை, வைகாசியில் உள்ளே 34 டிகிரி வரை போகும். எதை வாங்குவது, வாங்கியதன் சூட்டை எப்படிச் சமாளிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓம்விதி

வணக்கம். கோவையில் எல்இடி டிரைவர்களை, அதாவது வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மின்சுற்றுப் பெட்டிகளை, பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். செடிகளைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், விளக்கைப் பற்றி நான் சொல்கிறேன்.

அந்த 1000 வாட் பெட்டி சுவரிலிருந்து 1000 வாட் இழுக்காது. உள்ளே இருக்கும் சில்லுகளின், அதாவது ஒளியைத் தரும் சிறு எல்இடி துண்டுகளின், எண்ணிக்கையை, ஒரு சில்லு தாங்கக்கூடிய உச்ச வாட்டால் பெருக்கி அந்த எண்ணை எழுதுகிறார்கள். 100 சில்லு, ஒவ்வொன்றும் 10 வாட், ஆக 1000 என்பது கணக்கு. பிளக்கில் செருகிப் பார்க்கும் சிறிய வாட் மீட்டரை வைத்தால் பெரும்பாலும் 100 முதல் 120 வாட்டுக்குள்தான் காட்டும். 1000 வாட் உண்மையிலேயே இழுத்தால் அது அயர்ன் பாக்ஸ் சுடுகிற அளவுக்கு அறையைச் சுட்டுவிடும், உங்கள் இரண்டு சிறு விசிறிகளால் எதுவும் செய்ய முடியாது.

ஆகவே வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். பார்க்க வேண்டியது, ஒரு ஜூல் மின்னாற்றலுக்கு அந்த விளக்கு எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான்களைத் தருகிறது என்பதைத்தான். ஃபோட்டான் என்பது ஒளித்துகள், மைக்ரோமோல் என்பது அவற்றை எண்ணும் அளவு. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஃபோட்டான்களை மட்டும் இதில் எண்ணுவார்கள். நல்ல சில்லுகளைக் கொண்ட இன்றைய தகடுகள் 2.5 முதல் 3 வரை தருகின்றன. பழைய டி5 குழல்விளக்கு 1-ஐத் தொடாது. அட்டையில் இந்த எண்ணே இல்லையென்றால், விற்பவருக்கு அதைச் சொல்ல விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சந்தேகப்பிராணி

ஓம்விதி ஐயாவிடம் ஒரு கேள்வி. செடிக்குச் சிவப்பும் நீலமும்தானே வேண்டும்? பச்சையைத் திருப்பி அனுப்புவதால்தானே இலை பச்சையாகத் தெரிகிறது? அப்படியென்றால் ஊதா விளக்கு வீணாகாத ஒளியை மட்டும் தருகிறது, வெள்ளை விளக்கு பாதியை வீணாக்குகிறது என்றுதான் ஆகும். பள்ளிப் புத்தகத்திலும் பச்சையத்தின் உட்கவர் வரைபடம் இரண்டு குன்றுகளும் நடுவில் ஒரு பள்ளமுமாகத்தான் இருக்கிறது.

கீரைப்பாத்தி

புத்தகத்தில் இருப்பது பச்சையத்தைப் பிரித்தெடுத்துக் கரைப்பானில் கரைத்து அளந்த வரைபடம். முழு இலை அப்படி நடந்துகொள்வதில்லை. 1972-இல் மெக்கிரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலைகளை எடுத்து, எந்த நிற ஒளியில் எவ்வளவு ஒளிச்சேர்க்கை நடக்கிறது என்று அளந்தபோது, பச்சை ஒளியும் கணிசமாகவே பயன்படுவது தெரிந்தது. இலை பச்சை ஒளியில் சிறு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. மிச்சம் மேல் அடுக்கைக் கடந்து இலையின் உள்ளடுக்குகளுக்கும், அதன் கீழே நிழலில் இருக்கும் இலைகளுக்கும் போய்ச் சேருகிறது.

சிவப்புக்கு ஒரு நியாயமான சிறப்பு உண்டு: 660 நானோமீட்டர் சிவப்புச் சில்லு, ஒரே மின்சாரத்தில் அதிக ஃபோட்டான்களைத் தரும். அதனால்தான் நல்ல வெள்ளைத் தகடுகளில் இடையிடையே சில சிவப்புச் சில்லுகளைப் பதிக்கிறார்கள். ஆனால் மலிவான ஊதாப் பெட்டியில் இருப்பவை அந்தத் தரத்துச் சில்லுகள் அல்ல. எனக்கு வேறொரு குறையும் உண்டு. ஊதா ஒளியில் எல்லா இலையும் கறுப்பாகத் தெரியும்; மஞ்சளடிப்பதும், அடியில் வெள்ளை ஈ ஒட்டியிருப்பதும் கண்ணில் படாது. நான் மதுரையில் முளைக்கீரைகளை (முளைத்த சில நாளிலேயே அறுக்கும் மைக்ரோகிரீன்ஸ்) விற்பனைக்கு வளர்க்கிறேன், இலையின் நிறத்தைப் பார்க்க முடியாத விளக்கை என் அறைக்குள் விடமாட்டேன்.

நிழல்மாடி அவர்களுக்கு இன்னொரு யோசனை. அந்த இரண்டில் எதையும் வாங்காமல், மின்சாதனக் கடையில் கிடைக்கும் 4 அடி நீள 20 வாட் எல்இடி பட்டிவிளக்குகளை வாங்குங்கள். 6500 கெல்வின் வெள்ளை போதும். உடல் பிளாஸ்டிக்காக இல்லாமல் அலுமினியமாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு தட்டுக்கு நான்கு என்று இணையாக மாட்டினால், 4 அடித் தட்டில் ஒளி ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சீராக விழும். சதுரத் தகட்டை இந்த நீளத் தட்டில் மாட்டினால் நடுவில் கருகும், ஓரங்களில் செடி சாயும்.

நிழல்மாடி

விரிவான பதில்களுக்கு நன்றி. பட்டிவிளக்கு என்ற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் வீட்டு விளக்கின் ஒளி செடிக்குப் போதுமா? போதுமா என்பதை எப்படிக் கணக்கிடுவது? என்னிடம் கைப்பேசியைத் தவிர வேறு கருவி இல்லை.

கீரைப்பாத்தி

கணக்குப் போட்டுவிடலாம். 20 வாட் பட்டி ஏறத்தாழ 2000 லூமன் (நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அளவு) தரும். வெள்ளை எல்இடிக்குச் சுமார் 70 லூமனுக்கு 1 மைக்ரோமோல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பட்டி நொடிக்கு 28 மைக்ரோமோலும் நான்கு பட்டிகள் 112 மைக்ரோமோலும் தரும். உங்கள் தட்டின் பரப்பு ஏறக்குறைய 0.55 சதுர மீட்டர். ஓரங்களில் சிதறிப்போவதற்குக் கால் பங்கைக் கழித்தால், செடியின் மேல் சதுர மீட்டருக்கு நொடிக்கு 150 மைக்ரோமோல் அளவில் விழும். நாளுக்கு 14 மணி நேரம் எரித்தால் 150 × 3600 × 14, அதாவது சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏழரை மோல் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்).

இந்த ஏழரை மோல் நாற்றுகளுக்கும் முளைக்கீரைகளுக்கும் புதினாவுக்கும் போதும். லெட்டூஸ் நன்றாகத் தலைகட்ட 12 முதல் 17 மோல் கேட்கும். தக்காளி, மிளகாய் போன்ற காய்ப்பவை 20-க்கு மேல் கேட்கும். அவற்றை இந்த ரேக்கில் மறந்துவிடுங்கள்.

கைப்பேசியில் லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்) அளக்கும் செயலியை இறக்கி, உணரியின் மேல் வெள்ளைத் தாள் துண்டு எதுவும் வைக்காமல், செடியின் உச்சி இருக்கும் உயரத்தில் மேல்நோக்கிப் பிடியுங்கள். காட்டும் எண்ணை 70-ஆல் வகுத்தால் மைக்ரோமோல் வந்துவிடும். 10,000 லக்ஸுக்கு மேல் காட்டினால் மேலே சொன்ன கணக்கு சரி. வெள்ளை ஒளிக்கு மட்டுமே இந்த வகுத்தல் பொருந்தும், ஊதா விளக்கில் லக்ஸ் மீட்டர் சொல்வதை நம்ப முடியாது.

செலவைப் பொறுத்தவரை, ஒரு தட்டுக்கு 80 வாட், 14 மணி நேரம், 60 நாள் என்றால் இரண்டு மாத மின்கட்டணத்தில் 67 யூனிட் கூடும். இரண்டு தட்டுகளுக்கு 134. உங்கள் வீட்டுப் பயன்பாடு ஏற்கெனவே எந்தப் படிநிலையில் நிற்கிறது என்று பழைய ரசீதைப் பார்த்துக்கொள்ளுங்கள், இந்தக் கூடுதல் உங்களை அடுத்த படிக்குத் தள்ளினால் யூனிட்டின் விலையே மாறும்.

ஓம்விதி

கீரைப்பாத்தியின் கணக்கு எனக்கும் சரியாகத்தான் படுகிறது. இனி சூட்டுக்கு வருகிறேன். இதில் மூன்று தனித்தனிச் சூடுகள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் விளக்கின் மேல் விசிறியை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

முதலாவது, சில்லின் சூடு. முன்பு செடி வளர்க்கப் பயன்பட்ட, தெருவிளக்குப் போல மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கு தன் சூட்டில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக முன்புறம், செடியை நோக்கி வீசும். எல்இடியின் சூடு சில்லின் அடிப்புறத்திலிருந்து பின்புறத்து அலுமினியத்துக்குள் இறங்கும். அங்கிருந்து காற்றுக்குப் போக வழியில்லாவிட்டால் சில்லு சூடேறி, ஒளி குறைந்து, காலத்துக்கு முன்பே மங்கும். மின்விசிறி இல்லாத தகட்டின் விலை அதிகம் என்றீர்களே, அந்த விலையில் ஒரு பங்கு அலுமினியத்தின் எடைக்கும், இன்னொரு பங்கு நிறையச் சில்லுகளை வைத்து ஒவ்வொன்றையும் அதன் உச்சத்துக்கு வெகு கீழே எரிய விடுவதற்கும் கொடுப்பதாகும். குறைந்த மின்னோட்டத்தில் எரியும் சில்லு சூடும் குறைவு, ஜூலுக்குத் தரும் ஒளியும் கூடுதல்.

இரண்டாவது, டிரைவரின் சூடு. என் பட்டறைக்கு வரும் விளக்குகளில் சில்லு போனவற்றைவிட டிரைவர் போனவைதான் அதிகம். அதற்குள் இருக்கும் மின்பகு கெப்பாசிட்டர் சூட்டில் உலர்ந்துபோகும். அதன் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 25 டிகிரி அறையை மனத்தில் வைத்து எழுதிய ஆயுளை, சித்திரை மாதத்து 34 டிகிரி அறையில் எதிர்பார்க்க முடியாது. டிரைவர் தனியாகத் தொங்கும் விளக்கை வாங்கினால், ஒயரை நீட்டி அதை ரேக்குக்கு வெளியே, சுவரில், இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி மாட்டுங்கள். பட்டிவிளக்கில் டிரைவர் உள்ளேயே ஒரு முனையில் இருக்கும்; தொட்டுப் பார்த்தால் அந்த முனை மட்டும் கூடுதலாகச் சுடும். நான்கு பட்டிகளையும் மாட்டும்போது சுடுகிற முனைகள் எல்லாம் ஒரே பக்கம் சேராமல் மாற்றி மாற்றி மாட்டுவது நல்லது.

மூன்றாவது, அறையின் சூடு. இதை யாரும் ஏமாற்ற முடியாது. 160 வாட் உள்ளே போனால், செடி சர்க்கரையாக மாற்றி வைத்துக்கொள்ளும் சிறு பங்கைத் தவிர, ஒளி உட்பட எல்லாமே கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் முடியும். விளக்கின் முதுகில் விசிறி வைப்பது சூட்டை விளக்கிலிருந்து அறைக்கு மாற்றுகிறதே தவிர, வெளியே அனுப்புவதில்லை.

ஆனால் பயப்படும் அளவுக்கும் இல்லை. 160 வாட் என்பது அறையில் கூடுதலாக ஒன்றரை ஆள் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். 160 வாட்டைச் சுமந்து செல்லும் காற்று 3 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருக்க, மணிக்கு ஏறத்தாழ 160 கனமீட்டர் காற்று ரேக்கின் ஊடே நகர்ந்தால் போதும். ஒரு சாதாரண மேசை விசிறி குறைந்த வேகத்திலேயே இதற்கு மேல் தள்ளும். கதவைத் திறந்து வைத்து, விசிறியை ரேக்கின் நீளவாக்கில் ஊதும்படி திருப்பி வையுங்கள்.

பனிக்காட்டுக் கறிவேப்பிலை

எல்லோருக்கும் வணக்கம். நான் ரொறன்ரோவில், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். இங்கே எங்கள் சனத்தில் பலர் வீட்டுக்கொரு கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறோம். இரவு வெப்பநிலை 10 பாகைக்கு இறங்கத் தொடங்கியதும் செடியை உள்ளே எடுத்துவிட வேண்டும், பிறகு சித்திரை கழியும் வரை அது வெளியே போகாது. மார்கழியில் பகலே ஒன்பது மணி நேரம்தான். அந்த ஒன்பது மணி நேரத்து வெயிலும் தாழ்ந்து, மேகத்துக்குப் பின்னால் இருந்து, யன்னல் கண்ணாடியைத் தாண்டி வருவது. விளக்கில்லாமல் வைத்திருந்தால் இலை முழுவதும் கொட்டிவிடும்.

நான் பாவிப்பது 100 வாட் வெள்ளைத் தகடு. உங்களுக்கு வெக்கையை எப்படி வெளியேற்றுவது என்ற கவலை, எனக்கு எதிர்க்கவலை. முன்பு நிலக்கீழ் அறையில் சோடியம் விளக்கு வைத்திருந்த ஒரு நண்பர் எல்இடிக்கு மாறியபோது, ஒளி குறையாமலே செடியின் துளிர் மந்தமாகிவிட்டது. காரணம், சோடியம் விளக்கின் கதிர் இலையைச் சூடாக்கி வந்தது. எல்இடி அப்படிச் செய்வதில்லை. அறையின் வெப்பநிலையை இரண்டு மூன்று பாகை கூட்டிய பிறகுதான் துளிர் பழையபடி வந்தது. பசுங்குடில்களில் எல்இடிக்கு மாறியவர்களும் இதையே சொல்கிறார்கள்.

ஓம்விதி அவர்கள் சொன்ன டிரைவரைத் தனியே மாட்டும் முறையை நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன். சூடு வீணாகாமல் இருக்கட்டும் என்று டிரைவரைச் செடிச் சாடியின் அருகிலேயே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வைத்திருக்கிறேன். வீட்டைச் சூடாக்கும் செலவில் அந்த 100 வாட்டும் சேர்ந்து உழைக்கிறது. ஆனால் சூடாக்கிய வீட்டுக் காற்று மிகவும் உலர்ந்தது. விசிறி நேரே இலையில் ஊதினால் சிலந்திப்பேன் பெருகும். விசிறியைச் சுவரை நோக்கித் திருப்பிவிட்டுத் திரும்பி வரும் மெல்லிய காற்று செடியில் படும்படி வைப்பதே எனக்குச் சரிவருகிறது.

சந்தேகப்பிராணி

கனடாவில் விசிறி இல்லாத தகடு வேலை செய்யும், அது விளங்குகிறது. 34 டிகிரி அறையில் அதே தகடு தாங்குமா? காற்றே சூடாக இருக்கும்போது அலுமினியம் எதனிடம் சூட்டைக் கொடுக்கும்? உள்ளே விசிறி இருக்கும் விளக்கே சென்னைக்கு ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓம்விதி

சூடு எப்போதும் வெப்பநிலை வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். 22 டிகிரி அறையில் 45 டிகிரியில் நிலைக்கும் தகடு, 34 டிகிரி அறையில் 57-ஐ ஒட்டி நிலைக்கும். சில்லுக்கு அது ஆபத்தில்லை. ஒளி சற்றுக் குறையும், ஆயுள் சற்றுக் குறையும். அதைச் சீராக்க வெளியே ஒரு விசிறி காற்றை நகர்த்தினாலே தகடு பல டிகிரி இறங்கும்.

உள்ளே பொருத்திய விசிறியில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம், அது நின்றுபோவது வெளியே தெரியாது என்பதுதான். நம் ஊர்த் தூசு ஈரத்தோடு சேர்ந்து இறக்கைகளில் பசைபோலப் படியும். மலிவான விசிறியில், குண்டுகள் இல்லாமல் எண்ணெயை நம்பிச் சுழலும் புஷ் பேரிங்தான் இருக்கும். சூட்டில் அதன் எண்ணெய் வற்றி, ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடும். விசிறியை நம்பிச் சிறிய அலுமினியத் துண்டோடு செய்த பெட்டி அதற்குப் பிறகு அதிக நாள் தாங்காது. வெதுவெதுப்பைத் தேடிப் பல்லி உள்ளே புகுந்து சர்க்யூட்டில் ஒட்டிக்கொண்ட பெட்டிகளும் பட்டறைக்கு வந்திருக்கின்றன. அதை விரிவாக வர்ணிக்காமல் விடுகிறேன்.

சூட்டை அளந்து பார்க்க விரும்பினால் ஒரு குறிப்பு. துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளப்பான அலுமினியத்தின் மேல் நேரே காட்டினால் உண்மையைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராக வெளியிடுவது குறைவு. ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, விளக்கு ஒரு மணி நேரம் எரிந்த பிறகு, அந்த டேப்பின் மேல் அளவெடுங்கள். டிரைவரிலும் Tc என்று குறித்த, உறையின் வெப்பநிலையை அளப்பதற்கான ஒரு புள்ளி இருக்கும். அங்கேயும் டேப்பை ஒட்டி அளந்து, உறையில் அச்சிட்ட உச்ச எண்ணுக்கு 15, 20 டிகிரி கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

கீரைப்பாத்தி

விளக்கு பிழைத்துக்கொள்ளும், ஆனால் லெட்டூஸ் பிழைக்காது. காற்று 28 டிகிரிக்கு மேல் போனால் அது கசந்து, தண்டு நீட்டிப் பூக்கப் பார்க்கும். எவ்வளவு நல்ல விளக்கை எவ்வளவு நன்றாகக் குளிர்வித்தாலும், விசிறியால் செடியை அறையைவிடக் குளிரவைக்க முடியாது. இலை தண்ணீரை ஆவியாக்குவதால் கிடைக்கும் ஒன்றிரண்டு டிகிரி மட்டுமே மிச்சம். கொத்தமல்லிக்கும் இதே நோய் உண்டு, அதோடு நீண்ட பகல் அதைப் பூக்கத் தூண்டும், ஆகவே அதற்கு 14 மணி நேரத்துக்குப் பதில் 11, 12 மணி நேரம் கொடுங்கள். இரண்டையும் ஐப்பசி முதல் மாசி வரைக்கும் ஒதுக்கிவிட்டு, கோடையில் பசலை, புதினா, திருநீற்றுப்பச்சிலை, இளசாகவே அறுக்கும் சிறுகீரை என்று போவதே என் யோசனை. சிறுகீரைக்குச் சூடு பிடிக்கும், ஆனால் ஒளிப்பசி மிக அதிகம், எனவே அதை முதிர விடாமல் ஐந்து அங்குலத்திலேயே அறுத்துவிடுங்கள்.

விளக்கை இரவில் எரிப்பதும் நல்லது. மாலை ஆறு மணிக்குப் போட்டுக் காலை எட்டு மணிக்கு அணைக்கும்படி டைமர் வைத்தால், அறை தன் உச்சச் சூட்டில் இருக்கும் பிற்பகலில் விளக்கின் சூடு அதோடு சேராது.

யாரும் சொல்லாத ஒன்று: கீழ்த்தட்டின் விளக்கு, மேல்தட்டின் அடியில் ஒட்டி மாட்டப்படுகிறது. அதன் முதுகுச் சூடு இரும்புத் தகட்டின் வழியாக மேலே இருக்கும் ட்ரேயின் வேருக்குப் போகும். இலை நன்றாக இருக்கும், வேர் மட்டும் பழுப்பேறி வழவழவென்று அழுகும். காரணம் தெரியாமல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வேரடியில் 30 டிகிரியைத் தாண்டினால் இந்த அழுகல் எளிதில் வரும். பட்டியைத் தகட்டில் நேரே திருகாமல், இரண்டு அங்குலம் இறக்கிச் சங்கிலியிலோ கம்பியிலோ தொங்கவிட்டால், விசிறிக் காற்று அந்த இடைவெளியில் நுழைந்து சூட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ட்ரேக்கு அடியிலும் இரண்டு மரச்சட்டங்களைக் கொடுத்து உயர்த்தி வையுங்கள்.

நிழல்மாடி

எல்லோருடைய விளக்கங்களையும் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். பனிக்காட்டுக் கறிவேப்பிலை சொன்ன சோடியம் விளக்குச் செய்தி புதிது. தட்டுக்கு நான்காக எட்டு அலுமினியப் பட்டிகள் வாங்கப் போகிறேன். லெட்டூஸைக் கார்த்திகைக்குத் தள்ளிவைத்துவிட்டு, இப்போது பசலையும் புதினாவும்தான். இரண்டு சந்தேகங்கள் மட்டும் மிச்சம். ரேக்கின் நான்கு பக்கமும் வெள்ளிநிறத் தாளைச் சுற்றினால் ஓரத்தில் சிதறும் ஒளி திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். அப்படிச் சுற்றினால் காற்று எப்படிப் போகும்? எட்டுப் பட்டிகளையும் ஒரே பிளக்கில் இணைக்கலாமா?

ஓம்விதி

நீளமான இரண்டு பக்கங்களுக்கு மட்டும் தாளைக் கட்டி, குட்டையான இரண்டு முனைகளையும் திறந்து விடுங்கள். ஒரு முனையிலிருந்து விசிறி ஊதட்டும், காற்று மறுமுனையில் வெளியேறட்டும். வெள்ளிநிறத் தாளைவிட, வெள்ளைப் பெயிண்ட் அடித்த மெல்லிய பிளாஸ்டிக் அட்டை நல்லது. ஒளியைப் பரவலாகத் திருப்பும், கசங்காது. மேல் விளிம்பில் விளக்குக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு அங்குல இடைவெளியை அட்டை மூடிவிடக் கூடாது.

எட்டும் சேர்ந்து 160 வாட்தான், 230 வோல்ட்டில் ஓர் ஆம்பியருக்கும் குறைவு. ஒரே 6 ஆம்பியர் பிளக் தாராளமாகத் தாங்கும். ஆனால் மூன்று முள் பிளக்காக இருக்க வேண்டும், இரும்பு ரேக்கையும் பட்டிகளின் அலுமினிய உடலையும் எர்த்தில் இணைக்க வேண்டும், அந்த இணைப்புக்கு முன்னால் 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் இருக்க வேண்டும். தண்ணீரும் இரும்பும் மின்சாரமும் ஒரே ரேக்கில் இருப்பதால் இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போடாமல், மேல்தட்டுக்கும் மேலே சுவரில் மாட்டுங்கள். ஒயர் ஒவ்வொன்றும் பிளக்குக்கு ஏறும் முன் ஒருமுறை தாழ்ந்து வளைந்து ஏறட்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.